அந்தச் சிவப்பு 'ஏ' எங்கிருந்து வந்தது? 'ஸ்கார்லெட் லெட்டர்' நாவலின் பியூரிட்டன் பின்னணி

நத்தானியல் ஹாதோர்ன் எழுதி 1850-இல் வெளிவந்த 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலை முதன்முறை படிப்பவர்கள் தொடக்கத்திலேயே குழம்பிப்போகிறார்கள். பாஸ்டன் சந்தைத் திடலில் ஒரு மேடை. அதன்மேல் கைக்குழந்தையோடு நிற்கிறாள் ஹெஸ்டர் பிரின். மார்பில் சிவப்புத் துணியில் வெட்டி, தங்க நூலால் வேலைப்பாடு செய்த 'ஏ' என்ற எழுத்து. மணமானவள் வேறொருவனோடு உறவு கொள்வதைக் குறிக்கும் 'அடல்டரி' என்ற சொல்லின் முதலெழுத்து அது. நம் வேதாகமத் தமிழில் விபசாரம். கணவன் நெடுநாளாக ஊரில் இல்லை. குழந்தைக்குத் தகப்பன் யார் என்று கேட்டால் அவள் வாய் திறப்பதில்லை. அந்தத் தகப்பன் ஊரே தலையில் வைத்துக் கொண்டாடும் இளம் போதகர் ஆர்தர் டிம்ஸ்டேல்தான். காணாமல்போன கணவனும் ரோஜர் சில்லிங்வொர்த் என்ற பொய்ப் பெயரில் ஊருக்குள் வந்து, வைத்தியராகப் போதகரின் வீட்டிலேயே குடியேறி, அவரை அணு அணுவாக வதைக்கிறார்.

இரண்டு பேருக்கு இடையில் நடந்தது ஏன் ஊர் விவகாரம் ஆகிறது? ஒரு எழுத்தைத் துணியில் தைத்துக்கொள்வது எப்படித் தண்டனை ஆகும்? யாருமே சந்தேகப்படாத போதகர் ஏன் தன்னைத்தானே சாட்டையால் அடித்துக்கொள்கிறார்? 'மதவெறி பிடித்த ஊர்' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். முடித்துவிட்டால் நாவலில் பாதி நம் கைக்குச் சிக்காது. பியூரிட்டன்களின் கடுமைக்கு வேர் ஒழுக்கத்தில் இருந்ததைவிட ஒரு தீராத சந்தேகத்தில்தான் இருந்தது: நான் மீட்கப்பட்டவனா, இல்லையா?

யார் இந்தப் பியூரிட்டன்கள்?

'பியூரிட்டன்' என்பது அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் இல்லை, எதிரிகள் வைத்த கேலிப்பெயர். 'சுத்தக்காரர்கள்' என்பது போல. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து திருச்சபை போப்பின் பிடியிலிருந்து விலகியது. ஆனாலும் பிஷப்புகள், குருமார் அங்கி, நற்கருணையின்போது மண்டியிடுவது, அச்சிட்ட ஜெபப் புத்தகம் என்று பழைய வழக்கங்கள் பல அப்படியே நீடித்தன. வேதத்தில் இல்லாத எதுவும் சபைக்குள் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் துடைத்தெறிய வேண்டும் என்றவர்கள் இவர்கள். இவர்களில் இரண்டு வகை உண்டு.

1. திருச்சபை திருந்தாது என்று முற்றாகப் பிரிந்தவர்கள். 1620-இல் மேஃபிளவர் கப்பலில் 102 பயணிகள் அமெரிக்கா வந்து பிளிமத் குடியேற்றத்தை அமைத்தார்களே, அதற்குக் காரணமானவர்கள் இவர்கள்.
2. பிரியாமல், உள்ளே இருந்தபடியே திருத்தலாம் என்றவர்கள். முதலாம் சார்லஸ் அரசரும் அவருக்கு நெருக்கமான பிஷப் வில்லியம் லாடும் நெருக்கடியைக் கூட்டியபோது, 1630-இல் ஜான் வின்த்ராப் தலைமையில் கடல் கடந்து மாசசூசெட்ஸ் பே காலனியை நிறுவினார்கள். அடுத்த பத்தாண்டுகளில் சுமார் 20,000 பேர் பின்தொடர்ந்தார்கள்.

நாவல் நடப்பது இரண்டாம் வகையினர் கட்டிய பாஸ்டனில், 1640களில். ஊருக்கு அப்போது வயது பன்னிரண்டு, பதின்மூன்றுதான். ஆனால் அதற்குள் ஒரு சிறைச்சாலையும் இடுகாடும் வந்துவிட்டன என்பதை நாவலின் முதல் பக்கத்திலேயே ஹாதோர்ன் குத்திக்காட்டுகிறார்.

மதச் சுதந்திரம் தேடி வந்தவர்கள் என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்லும். அவர்கள் தேடியது தங்களுக்கான சுதந்திரம், அவ்வளவுதான். மாற்றுக் கருத்து சொன்ன ரோஜர் வில்லியம்ஸ் வெளியேற்றப்பட்டு, 1636-இல் போய்த் தனியாக ப்ராவிடென்ஸ் என்ற ஊரையே உருவாக்க வேண்டியிருந்தது.

நம்பிக்கையின் நான்கு தூண்கள்

1. ஜென்மப் பாவம். ஆதாமின் பாவம் எல்லா மனிதரிலும் இருக்கிறது. பிறந்த குழந்தையும் விலக்கில்லை.

2. முன்குறித்தல். ஜெனீவாவில் வாழ்ந்த திருச்சபைச் சீர்திருத்தவாதி ஜான் கால்வினின் மரபில் வந்த கோட்பாடு. யார் மீட்படைவார், யார் நரகத்துக்குப் போவார் என்பதைத் தேவன் படைப்புக்கு முன்பே முடிவுசெய்துவிட்டார். தானம், தர்மம், நல்ல நடத்தை, கண்ணீர் எதுவும் அந்தத் தீர்ப்பை மாற்றாது. கிருபை ஒன்றுதான் வழி. அது யாருக்கு என்று தீர்மானிப்பவர் தேவன் ஒருவரே.

3. அறிகுறிகள். சரி, எல்லாம் முடிவாகிவிட்டது என்றால் எதற்காக ஒழுங்காக வாழ வேண்டும்? பலரும் தடுமாறுவது இங்கேதான். நல்லொழுக்கம் மீட்பைத் தராது. ஆனால் மீட்கப்பட்டவரிடம் அது வெளிப்படும் என்று எதிர்பார்த்தார்கள். காய்ச்சல் அளக்கும் கருவியைக் கையால் தேய்த்தால் நோய் வருவதில்லை, ஆனால் நோய் இருந்தால் கருவி காட்டும். அதுபோல. அதனால் ஒவ்வொருவரும் தன்னையும் அடுத்தவரையும் ஓயாமல் அளந்துகொண்டே இருந்தார்கள். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் அவர்களிடையே அத்தனை பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

4. உடன்படிக்கை. இஸ்ரவேலரோடு செய்ததைப் போலவே இந்தக் காலனியோடும் தேவன் உடன்படிக்கை செய்திருக்கிறார் என்று நம்பினார்கள். 'மலையின்மேல் இருக்கிற பட்டணம்' என்ற மத்தேயு 5:14-இன் உருவகத்தை வின்த்ராப் எடுத்தாண்டது இந்தப் பொருளில்தான். அதைப் பிற்கால அரசியல்வாதிகள் பெருமைப் பேச்சாக்கிவிட்டார்கள். அவர் சொன்னதில் எச்சரிக்கைதான் அதிகம்: எல்லார் கண்ணும் நம்மேல் இருக்கிறது, தவறினால் உலகத்துக்கே கேலிப்பொருளாவோம்.

நான்காவதுதான் ஹெஸ்டரை மேடையேற்றுகிறது. உடன்படிக்கை ஊரோடு என்றால் தண்டனையும் ஊருக்கே. ஒரு வீட்டில் மறைத்துவைத்த பாவம் எல்லார் வயலிலும் பஞ்சமாக வரலாம், எல்லார் பிள்ளைக்கும் அம்மையாக வரலாம். 'இது என் சொந்த விஷயம்' என்ற பேச்சுக்கு அங்கே இடமே கிடையாது.

எலி தின்ற ஜெபப் புத்தகம்

இந்த மனநிலையைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வின்த்ராப்பின் நாட்குறிப்பில் 1640-இல் பதிவான ஒரு சின்ன விஷயம் போதும். அவருடைய மகன், தானியம் கிடந்த அறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களை வைத்திருந்தார். அதில் ஒன்று, கிரேக்க மொழிப் புதிய ஏற்பாடு, சங்கீதப் புத்தகம், இங்கிலாந்து திருச்சபையின் பொது ஜெபப் புத்தகம் மூன்றையும் சேர்த்துக் கட்டியது. எலிகள் ஜெபப் புத்தகத்தின் ஒவ்வொரு தாளையும் தின்றுவிட்டன. மற்ற இரண்டையும் தொடவில்லை. நாமாக இருந்தால் பொறி வாங்கி வைப்போம். காலனியின் ஆளுநராக இருந்தவர் அதைக் குறித்துவைக்கத் தக்க நிகழ்ச்சியாக எழுதிவைத்தார்.

எல்லாக் குறிகளும் இப்படி வேடிக்கையாக இல்லை. மேரி டையர் என்ற பெண்ணுக்கு 1637-இல் உருக்குலைந்த குழந்தை இறந்தே பிறந்தது. அவள் ஆன் ஹட்சின்சன் என்ற எதிர்க்கருத்துக்காரியின் தோழி. விஷயம் கசிந்ததும் அந்தப் பிஞ்சு உடலைத் தோண்டியெடுத்துப் பார்த்தார்கள். தாயின் தவறான கோட்பாட்டுக்குத் தேவன் காட்டிய அடையாளம் என்று பேசினார்கள். ஹெஸ்டரின் மகள் பேர்லைப் 'பிசாசின் குழந்தை' என்று ஊர் முணுமுணுப்பதை ஹாதோர்ன் கையாளும்போது, அவர் மிகைப்படுத்தவில்லை. நடந்தது அதைவிடக் கொடுமை.

நாவலில் எரிகல் ஒன்று வானத்தில் 'ஏ' வடிவில் ஒளிர்கிறது. டிம்ஸ்டேல் அதைத் தன் பாவத்தின் எழுத்தாகப் படிக்கிறார். அன்றிரவு இறந்த வின்த்ராப் தேவதூதனாகிவிட்டார், 'ஏஞ்சல்' என்பதற்கான 'ஏ' அது என்று ஊர் படிக்கிறது. வின்த்ராப் உண்மையிலேயே 1649-இல் இறந்தார். எல்லாவற்றையும் படிக்கத் துடிக்கும் ஊரில் ஒரே எழுத்தை ஆளுக்கொரு விதமாகப் படிக்கிறார்கள் என்பதில்தான் ஹாதோர்னின் குறும்பு இருக்கிறது.

சபையும் அரசும்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்துவிட்டாலே சபை உறுப்பினர் ஆகிவிட முடியாது. 1630களின் நடுவிலிருந்து, கிருபை தன்னுள் எப்படி வேலைசெய்தது என்று சபையார் முன் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். அவர்கள் ஏற்றுக்கொண்டால்தான் உறுப்பினர். காலனித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையும் 1631 முதல் சபை உறுப்பினரான ஆண்களுக்கு மட்டுமே. ஆக, ஒருவருடைய மனசாட்சியின் கதைக்கு அரசியல் விலையும் இருந்தது.

ஆனாலும் அது போதகர்களின் ஆட்சி இல்லை. போதகர்கள் அரசுப் பதவி வகிக்க முடியாது. அதிகாரம் ஆளுநர், நீதிபதிகள் கையில். போதகர்கள் ஆலோசனை சொல்வார்கள், வருடாவருடம் தேர்தல் நாளில் ஆளுநருக்கு முன் பிரசங்கம் செய்வார்கள். டிம்ஸ்டேலின் கடைசிப் பிரசங்கம் அந்த நாளில்தான் நடக்கிறது.

கல்யாணத்தைக்கூட அவர்கள் தேவாலயத்தில் நடத்தவில்லை. திருமணம் ஒரு ஒப்பந்தம், அதை நடத்திவைப்பது நீதிபதியின் வேலை. இதில் ஒரு கூத்து உண்டு. ஹெஸ்டர் மேடையில் நிற்கும்போது மாடத்தில் உட்கார்ந்து பார்க்கும் ஆளுநர் ரிச்சர்ட் பெல்லிங்காம் உண்மையான மனிதர். நிஜத்தில் அவர் 1641-இல் ஆளுநராக இருந்தபோது, வேறொருவருக்குப் பேசியிருந்ததாகச் சொல்லப்பட்ட பெனலோப்பி பெல்ஹாம் என்ற இளம்பெண்ணை மணந்தார். முறைப்படி அறிவிப்பு கொடுக்கவில்லை. திருமணத்தை நடத்திவைத்த நீதிபதியும் அவரேதான்! வழக்கு வந்தது. குற்றம்சாட்டப்பட்டவர் நீதிபதி ஆசனத்தைவிட்டு இறங்க மறுத்ததால் விசாரணை அப்படியே நின்றுபோனது. நாவல் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தெரிந்தவர்களுக்கு அந்த மாடக் காட்சி வேறு மாதிரி இருக்கும்.

பேர்லைத் தாயிடமிருந்து பிரிக்க அதிகாரிகள் யோசிக்கும் காட்சிக்கும் அடிப்படை உண்டு. பிள்ளைகளுக்கு வாசிப்பும் மத போதனையும் கிடைக்கின்றனவா என்று பெற்றோரைச் சோதிக்கவும், கிடைக்காவிட்டால் பிள்ளையை வேறிடத்தில் தொழில் பழக ஒப்படைக்கவும் 1642 சட்டம் அதிகாரம் தந்தது. அதனால்தான் மூன்று வயதுப் பேர்லிடம் 'உன்னைப் படைத்தவர் யார்?' என்று கேட்கிறார் போதகர் ஜான் வில்சன். அவரும் நிஜ மனிதர். சிறைவாசல் ரோஜாச் செடியிலிருந்து அம்மா பறித்துவந்தாள் என்கிறது குழந்தை. அந்தச் செடி ஆன் ஹட்சின்சனின் காலடிபட்டு முளைத்தது என்று சொல்வாருண்டு என நாவல் முன்பே சொல்லிவைத்திருக்கிறது. வீட்டில் கூட்டம் கூட்டிப் போதகர்களையே விமர்சித்ததற்காக 1638-இல் சபையைவிட்டும் காலனியைவிட்டும் விரட்டப்பட்ட பெண் அவர். குழந்தையின் பதில் அந்த அறையில் இருந்தவர்களுக்கு எங்கே வலிக்குமோ அங்கே படுகிறது.

சட்டம் என்ன சொன்னது?

1641-இல் காலனி வெளியிட்ட சட்டத் தொகுப்பில் விபசாரத்துக்குத் தண்டனை மரணம். ஆதாரம் லேவியராகமம் 20:10. இங்கே மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. குற்றத்தை வரையறுத்தது பெண்ணின் திருமணம். மணமான பெண்ணோடு யார் உறவு கொண்டாலும் இருவருக்கும் மரண தண்டனை. மணமான ஆண் மணமாகாத பெண்ணோடு உறவு கொண்டால் அது சிறிய குற்றம்தான்.

2. உயிர்த்தண்டனைக்கு இரண்டு, மூன்று சாட்சிகள் அல்லது அதற்கு நிகரான ஆதாரம் வேண்டும். இந்த மாதிரி விஷயத்தில் சாட்சிக்கு எங்கே போவது? தூக்குத் தண்டனை மிக அரிதாகவே நிறைவேறியது. கசையடி, அபராதம், மேடையில் நிறுத்துவது என்று முடிந்த வழக்குகளே அதிகம்.

3. அரிது என்றால் இல்லவே இல்லை என்று பொருளல்ல. 1644-இல் பாஸ்டனில் மேரி லேதம் என்ற பதினெட்டு வயதுப் பெண்ணும் ஜேம்ஸ் பிரிட்டன் என்பவரும் தூக்கிலிடப்பட்டார்கள். விரும்பியவன் கைவிட்டதால் யாரைக் கட்டினால் என்ன என்று ஒரு கிழவரை மணந்தவள் அவள் என்று வின்த்ராப் எழுதுகிறார். இளம்பெண், வயதான கணவன், வேறொருவன்: ஹெஸ்டரின் கதைக்கு எவ்வளவு பக்கம் என்று பாருங்கள்.

'ஆண் தப்பித்துக்கொண்டான், பெண்ணுக்கு மட்டும் தண்டனை' என்று இந்த நாவலைச் சுருக்குவது வழக்கம். சட்டப்படி பார்த்தால் டிம்ஸ்டேலும் தூக்குமேடைக்கே உரியவர். பெயர் வெளிவந்தால் அவர் கதி என்னவாகும் என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஹெஸ்டரின் மௌனத்தின் எடை அப்போதுதான் தெரிகிறது. கணவன் கடலில் இறந்திருக்கலாம் என்ற காரணத்தால் அவளுக்குக் கருணை காட்டப்பட்டதாக நாவல் சொல்கிறது.

அப்புறம், அந்த எழுத்து. அது ஹாதோர்னின் கற்பனை இல்லை, ஆனால் 1640களின் பாஸ்டனுக்கு உரியதும் இல்லை.

- 1634: ராபர்ட் கோல்ஸ் என்பவர் குடித்துவிட்டு நடந்துகொண்டதற்காக, வெள்ளைத் துணிமேல் சிவப்புத் துணியில் வெட்டிய 'டி' எழுத்தை ஒரு வருடம் கழுத்தில் தொங்கவிட வேண்டும் என்று மாசசூசெட்ஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'ட்ரங்கர்ட்', குடிகாரன்.
- 1658: பிளிமத் காலனி, விபசாரக் குற்றவாளிகள் 'அடல்டரி'யின் முதல் இரண்டு எழுத்துகளான 'ஏ', 'டி' இரண்டையும் மேலாடையில் தைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டமியற்றியது.
- 1694: மாசசூசெட்ஸ் சட்டம். கழுத்தில் கயிற்றோடு தூக்குமரத்தில் ஒரு மணி நேரம் இருத்திவைப்பது, அதிகபட்சம் நாற்பது கசையடி. அப்புறம் ஆயுள் முழுவதும் இரண்டு அங்குல உயரமுள்ள 'ஏ'. உடையின் நிறத்துக்கு மாறான நிறத் துணியில் வெட்டி, கையிலோ முதுகிலோ தெரியும்படி தைத்திருக்க வேண்டும்.

அரை நூற்றாண்டுக்குப் பிந்தைய சட்டத்தை ஹாதோர்ன் முன்னால் இழுத்து, கையிலிருந்து மார்புக்கு மாற்றி, தங்க நூலையும் சேர்த்தார். தங்க நூல் சாதாரண விஷயமில்லை. சரிகை, தங்க வேலைப்பாடு எல்லாம் வசதி குறைந்தவர்களுக்கு உடைச் சட்டங்கள் தடைசெய்தவை. தண்டனைச் சின்னத்தையே தடைசெய்யப்பட்ட ஆடம்பரமாகத் தைத்துப் போட்டுக்கொண்டு வெளியே வருகிறாள் ஹெஸ்டர். கூடியிருந்த பெண்களுக்குப் பற்றிக்கொண்டு வருவது அதனால்தான்.

டிம்ஸ்டேல் ஏன் சொல்லவில்லை?

உயிர்பயம் மட்டும் காரணமில்லை. அவர் படிந்திருக்கும் மதத்தில் வெளிப்படையான அறிக்கையிடுதல் கட்டாயம். தவறியவர் சபை நடுவே எழுந்து, தவற்றைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ள வேண்டும். மனம் உடைந்து சொன்னால் சேர்த்துக்கொள்வார்கள். கத்தோலிக்கரைப் போல ஒரு குருவானவரின் காதில் ரகசியமாகச் சொல்லிப் பாரத்தை இறக்கும் வழியை இவர்கள் அடைத்துவிட்டார்கள். ஆக, ஊர் முன்னால் முழுசாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை.

போதகர் சொல்லிப்பார்க்கத்தான் செய்கிறார். 'நான் பாவிகளில் மகா பாவி, அசுத்தத்தின் குவியல்' என்று பிரசங்க மேடையிலிருந்தே கதறுகிறார். சபையோ உருகிப்போகிறது. ஏனென்றால் தன்னை இழிவாகக் காண்பதே கிருபை பெற்றவனின் முக்கியமான அறிகுறி. இவ்வளவு பரிசுத்தரே தன்னை இப்படிச் சொன்னால் நம் கதி என்ன என்று அவரை இன்னும் உயரத்தில் வைக்கிறார்கள். பொதுவான பாவ அறிக்கை புண்ணியமாக மாறிவிடுகிறது. பெயர், நாள், ஆள் என்று சொன்னால் மட்டுமே அது அறிக்கை. அதைச் சொல்லாமல் தப்பிக்கிறோம் என்பது அவருக்கே தெரியும், அதனால், தேவன் மீட்புக்குத் தேர்ந்துகொண்டவர்களில் தான் ஒருவன் இல்லை என்பதற்கு அதையும் ஒரு அத்தாட்சியாக எடுத்துக்கொள்கிறார். பூட்டிய அறையில் சாட்டையடி அதன் விளைவு.

ஹெஸ்டருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவள் எழுத்து வெளியே இருக்கிறது.

வழக்கமான மூன்று குழப்பங்கள்

1. சேலம் சூனிய வழக்குகள் வேறு. அவை நடந்தது 1692-இல், இந்தக் கதைக்கு நாற்பது வருடத்துக்கும் மேல் பிறகு. 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், ஒருவர் கற்களால் நசுக்கப்பட்டு இறந்தார். நாவலில் சூனியக்காரியாக வரும் மிஸ்ட்ரஸ் ஹிபின்ஸ் நிஜத்தில் 1656-இல் பாஸ்டனில் அந்தக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவர். இடையில் ஒரு சிறு தகவல்: 1692 வழக்குகள் வெடித்த சேலம் கிராமம் பிற்காலத்தில் டேன்வர்ஸ் எனப் பெயர் மாறியது. யாழ்ப்பாணத்தில் 1823-இல் வட்டுக்கோட்டை செமினரியைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரி டேனியல் பூர் பிறந்தது அந்த டேன்வர்ஸில்தான்.

2. எப்போதும் கறுப்பு உடுத்தியவர்கள் இல்லை. நல்ல கறுப்புச் சாயம் விலை அதிகம், அது விசேஷ உடைக்குத்தான். அன்றாடம் பழுப்பு, செம்பழுப்பு, மங்கல் பச்சை. பீரும் குடித்தார்கள். கிறிஸ்துமஸ் மட்டும் கூடாது. கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று 1659-இல் சட்டம் போட்டு, 1681-இல்தான் நீக்கினார்கள்.

3. உடலுறவை வெறுத்தவர்கள் இல்லை. திருமணத்துக்குள் அது கணவன் மனைவி இருவருடைய உரிமை, கடமை. மனைவியை நெடுநாள் விலக்கிவைத்த ஒருவரை பாஸ்டன் சபை நீக்கியதுண்டு. அவர்களுக்குப் பிரச்சினை ஆசை இல்லை, வேலி தாண்டியதுதான்.

எழுதியவரின் கணக்கு

ஹாதோர்ன் 1804-இல் சேலத்தில் பிறந்தவர். 1630-இல் வந்த அவருடைய மூதாதை வில்லியம் ஹாதோர்ன், க்வேக்கர் என்ற வேறொரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பெண்களைச் சாட்டையால் அடிக்க உத்தரவிட்ட நீதிபதி. வில்லியமின் மகன் ஜான், 1692 சூனிய வழக்குகளில் விசாரணை நடத்திய நீதிபதிகளில் ஒருவர். குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்தில் கூடுதலாக ஒரு எழுத்தை நுழைத்துக்கொண்டவர் நம் நாவலாசிரியர். முன்னோரிடமிருந்து விலகத்தான் என்று பலர் ஊகிப்பதுண்டு.

சேலம் சுங்க அலுவலகத்தில் பார்த்த வேலை 1849-இல் அரசியல் மாற்றத்தால் பறிபோக, உட்கார்ந்து இந்த நாவலை எழுதினார். முன்னுரையில், முன்னோரின் கொடுமைகளுக்கான வெட்கத்தைத் தானே ஏற்பதாகவும், அவர்களால் வந்த சாபம் ஏதும் இருந்தால் நீங்கட்டும் என்றும் எழுதுகிறார். கூடவே, அந்தக் கிழவர்கள் தன்னைப் பார்த்தால் என்ன பேசிக்கொள்வார்கள் என்றும் யோசிக்கிறார். கதைப் புத்தகம் எழுதுகிறானாமே, இது என்ன பிழைப்பு, தேவனுக்கு இதனால் என்ன மகிமை, பேசாமல் பிடில் வாசிக்கப் போயிருக்கலாமே இந்தக் கெட்டுப்போன பயல் என்பார்களாம். அவர்கள் எவ்வளவு ஏளனம் செய்தாலும் அவர்களுடைய சுபாவத்தின் இழைகள் தன்னுள்ளும் பின்னிக்கிடக்கின்றன என்று அடுத்த வரியிலேயே ஒப்புக்கொள்கிறார்.